கழுத்துல நெறி கட்டியிருக்கா? கேன்சர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

குளிக்கும்போது கழுத்திலோ அக்குளிலோ பட்டாணி சைஸுக்கு ஏதோ கையில் தட்டுப்படுது. கூகுளில் தேடினால் முதல் பக்கத்திலேயே 'கேன்சர்' என்று வந்து நிற்கும். அப்புறம் எங்கே தூக்கம் வரும்? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

நெறி கட்டுவது என்று நம் வீட்டில் சொல்வது, நிணநீர் முடிச்சு வீங்குவதைத்தான். கிருமிகளை வடிகட்டும் செக்போஸ்ட் அது. சண்டை நடந்தால் வீங்கும். புற்றுநோய் பரவும்போதும் வீங்கும் என்பதால்தான் குழப்பமே.

ஸ்கேனும் ஏமாறுமா?

ஏமாறும். பெட் ஸ்கேனில் கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய் செல்கள் அதை நிறைய இழுத்து, படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால், கிருமியோடு சண்டை போடும் செல்களும் அதே சர்க்கரையை இழுக்கும். 'பளிச்' என்றாலே 'பரவிடுச்சு' என்று அர்த்தமில்லை.

யாரெல்லாம் வேஷம் போடுவாங்க?

* காசநோய்: நம் ஊரில் கழுத்து நெறிக்கட்டுக்கு முக்கியக் காரணம். பெரும்பாலும் 6 மாத மாத்திரையில் குணமாகும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

* தடுப்பூசி: கொரோனா ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறி கட்டி, மார்பக ஸ்கேனில் பலரை பயமுறுத்தியது.

* டாட்டூ: மை துகள்கள் நிணநீர் முடிச்சுக்குப் போய் அதைக் கறுப்பாக்கும். பார்வைக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவியது போலவே இருக்கும்.

* கிகுச்சி நோய்: 1972-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. இளம்பெண்களை அதிகம் தாக்கும். மைக்ராஸ்கோப்பில்கூட லிம்போமா போலத் தெரியலாம். ஆனால், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும்.

அப்போ என்ன பண்ணணும்?

தீர்ப்பு சொல்வது பயாப்ஸிதான். ஏற்கெனவே புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர் என்றால், ஸ்கேனில் புதிதாக ஒரு முடிச்சு தெரிந்ததும் இடிந்துபோக வேண்டாம். 'திசு எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?' என்று கேளுங்கள். டாட்டூ, சமீபத்தில் போட்ட ஊசி, வீட்டில் யாருக்காவது டிபி இருந்தது... எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பயாப்ஸிக்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீங்க. வீக்கம் குறையும், லிம்போமா இருந்தால் அதுவும் ஒளிந்துகொள்ளும்.

அதுக்காக அலட்சியமும் வேண்டாம். சில வாரங்களாகியும் வற்றாத, கல் மாதிரி கெட்டியான, பெரிதாகிக்கொண்டே போகும் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி உடை நனையும் வியர்வை... இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்க. காலர் எலும்புக்கு மேலே கட்டி வந்தால், ஒருநாள்கூட தள்ளிப்போட வேண்டாம்!