போக 8 மணி. திரும்பி வர 7 மணி!

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே அட்லாண்டிக் கடல் கிடக்கிறது. ஆகாய வழியில் தூரம் சுமார் 5,550 கிலோ மீட்டர்.

லண்டனில் இருந்து நியூயார்க் போக விமானத்துக்குச் சுமார் 8 மணி நேரம் பிடிக்கிறது. திரும்பி வர 7 மணி நேரம் போதும். சில நாட்களில் 6 மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது!

அதே விமானம், அதே தூரம். பின் ஏன் இந்த வித்தியாசம்?

பூமி சுழல்வதால், எதிரே வரும் ஊர் சீக்கிரம் வந்துவிடுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானமும் சுழல்கிறது.

காற்று ஆறு

உண்மையான காரணம், உயரே வீசும் காற்று. தரையில் இருந்து சுமார் 10 கிலோ மீட்டர் உயரத்தில், மேற்கே இருந்து கிழக்கே, ஆறு போல அது ஓடிக்கொண்டு இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோ மீட்டரையும் தாண்டும்.

ஓடக்காரருக்கு இது நன்றாகப் புரியும். நீரோட்டத்தோடு போனால் துடுப்புக்கு வேலை குறைவு. எதிர்த்துப் போனால் தோள் வலிக்கும். விமானத்துக்குத் தோள் இல்லை; எண்ணெய் தீர்ந்துவிடும்!

1958-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி இரண்டு "காமெட்" ஜெட் விமானங்கள் பயணிகளுடன் எதிர் எதிராகப் புறப்பட்டன. நியூயார்க்கில் இருந்து கிளம்பியது 6 மணி 11 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. லண்டனில் இருந்து கிளம்பியதற்கோ 10 மணி 22 நிமிடம் ஆயிற்று. நடுவழியில் அது கனடாவில் உள்ள கேண்டரில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

படிக்க ஆள் இல்லை!

இந்தக் காற்றை 1920-களிலேயே ஒருவர் அளந்துவிட்டார். அவர் ஜப்பானிய விஞ்ஞானி வாசபுரோ ஓயிஷி. பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைக் கணக்கிட்டார். உலகத்தார் எல்லோரும் படிக்கட்டும் என்று, பல நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் 1926-ல் அறிக்கை வெளியிட்டார். பாவம், அந்த மொழி தெரிந்தவர்களே கொஞ்சம் பேர்!

1944-ல் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கப் போர் விமானிகள், அந்தக் காற்றில் சிக்கித் திண்டாடினார்கள். குண்டுகள் குறி தவறின. அதன் பிறகே அதைப் பற்றிய ஆராய்ச்சி மும்முரம் அடைந்தது.

புயலும் உதவியது

இப்போது அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானப் பாதைகளை அன்றாடம் காற்றைப் பார்த்தே வகுக்கிறார்கள். அதனால் நேற்றுப் போன வழி இன்று இராது. 2020 பிப்ரவரியில், புயல் காற்று பின்னால் இருந்து தள்ள, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கில் இருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்துவிட்டது!

ஒலியை மிஞ்சிய "கன்கார்டு" விமானத்துக்கு மூன்றரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. நியூயார்க் கடிகாரம் லண்டன் கடிகாரத்துக்கு 5 மணி பின்தங்கியது. ஆகவே லண்டனில் காலை பத்தரைக்கு ஏறியவர்கள், நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே மணி பத்துக்கூட ஆகியிராது. அந்த விமானம் 2003-ல் நிறுத்தப்பட்டது.