கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்!

பட்டனை அழுத்திவிட்டுக் குக்கரை அடுப்பில் வைத்தால், மூன்று விசில் வந்து, ஆவி அடங்கி, சாதத்தை இறக்கியும் ஆகிவிடும். திரையிலே அந்தப் புள்ளிகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும்! 2023-ம் வருஷம் ஆடி மாதம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பட்ட பாடு இது. 2016-ல் வாங்கிய பெட்டி. போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது, திடீரென்று இப்படி ஆகிவிட்டது. பெண் அப்போது பிளஸ் டூ. பாடம் சம்பந்தமாக ஏதாவது திறப்பதற்குள் அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

"ஏழு வருஷம் உழைச்சாச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார் என் கணவர். புதுசு என்றால் நாற்பதாயிரம்! பார்க்க வந்த ரிப்பேர் பையனோ, பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்மா. ஐந்நூறு ரூபாய்தான்" என்றான். நாற்பதாயிரம் எங்கே, ஐந்நூறு எங்கே? நானும் தலையை ஆட்டப் போனேன்.

"அம்மா! தாத்தாவோட பீமரத சாந்தி போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு!" என்று பெண் கத்தினாள்.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுவது. மாமனாருக்கு 2018-ல் பீமரத சாந்தி செய்தோம். ஆல்பம் போடலாம், போடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். 2021-ல் அவர் போய்விட்டார். படம் எடுத்த ஸ்டூடியோவையும் அதற்குள் மூடிவிட்டார்கள். அமாவாசை தோறும் என் மாமியார், "அந்தப் படத்தைக் கொஞ்சம் போடேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். வேறு பிரதி ஒன்றுகூட எங்களிடம் கிடையாது.

பையனிடம், "இரப்பா, நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "அத்தை, காய்ச்சல்னு போனா டாக்டர் உடனே ஆபரேஷனா பண்றார்? முதல்ல எதனால காய்ச்சல்னு பார்ப்போம். வருஷக்கணக்கா மெதுவாகிட்டே வந்தா வயசு. திடீர்னு மெதுவானா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றான். போனிலேயே அவன் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். எங்களுடையது விண்டோஸ் 10.

முதலில் ரீஸ்டார்ட்

"தினமும்தான் அணைக்கிறோமே" என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஷட் டவுன் கொடுத்தால், மறுநாள் சீக்கிரம் திறக்கட்டும் என்று சிலவற்றை அது நினைவில் வைத்துக்கொண்டே தூங்குமாம். ரீஸ்டார்ட்தான் தலைக்குக் குளித்துவிட்டுப் புதிதாக வருவது. பல நாள் பிணக்கு இதிலேயே தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை.

அடுத்து, நாடி பிடித்துப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பலகை வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்பு போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எத்தனை சதவீதம் வேலை என்று இருக்கும். நம் பாஷையில் சொன்னால், சிபியு சமைக்கிற கை. மெமரி, காய் நறுக்கும் மேடை. டிஸ்க், சாமான் வைக்கிற அறை. எது 90, 100 என்று நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. தலைப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினால், அதிகம் இழுக்கிற ஆள் யார் என்று பட்டியலில் மேலே வந்து நிற்பார்.

*சிபியு உச்சத்தில் இருந்தால்:* விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கலாம், வைரஸ் சோதனை நடக்கலாம். ஓரிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அதன் பிறகும் ஏதோ தெரியாத பெயர் ஒன்று விடாமல் இழுத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனை கொடுங்கள். இரண்டு வைரஸ் தடுப்பைப் போட்டு வைத்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு அடுப்படியில் இரண்டு பேர் அதிகாரம் செய்தால் என்ன ஆகும்!

சூடும் ஒரு காரணம். உள்ளே இருக்கும் விசிறியில் தூசி அடைத்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது.

*மெமரி நிறைந்திருந்தால்:* திறந்து போட்ட ஜன்னல்களை மூடுங்கள். கம்ப்யூட்டர் திறக்கும்போதே கூப்பிடாத விருந்தாளி மாதிரி சில புரோகிராம்கள் வந்து உட்காரும். அதே பலகையில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் வேண்டாததை நிறுத்தி வைக்கலாம். வைரஸ் தடுப்பை மட்டும் தொடாதீர்கள்.

*டிஸ்க் 100 என்று நின்றால்:* சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். நிறைந்திருந்தால் டவுன்லோட்ஸில் உள்ள வேண்டாததையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

எங்கள் பெட்டியில் டிஸ்க்தான் 100. ஆனால் இடமோ பாதிக்கு மேல் காலி! "அத்தை, பர்ஃபாமன்ஸ் பக்கத்துல டிஸ்க்கைத் தட்டுங்க. எவ்வளவு வேகம்னு போட்டிருக்கும், படிங்க" என்றான். படித்தேன். வேகம் ஒன்றுமே இல்லை. மூச்சு முட்ட வேலை செய்கிறது, ஆனால் ஒரு சாமானும் வெளியே வரவில்லை. பெட்டியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னான். 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம்.

அவன் குரலே மாறிவிட்டது. "அத்தை, இனிமே வேற எதுவும் பண்ணாதீங்க. ரீஸ்டார்ட்கூட வேண்டாம். முதல்ல போட்டோவை வெளியே எடுங்க."

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று சுழல்கிறது. ஒரு சின்ன முள் அதன்மேல் படாமல் மிதந்து படிக்கிறது. தட்டில் ஓரிடம் கெட்டுப் போனால், மங்கிப் போன எழுத்தைப் பாட்டி கண்ணை இடுக்கித் திரும்பத் திரும்பப் படிப்பது போல, அதுவும் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதுதான் அந்த மெதுவு. ஃபார்மட் செய்திருந்தால் வியாதி அப்படியே இருந்திருக்கும், படங்கள் மட்டும் போயிருக்கும்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, தனியாகச் செருகும் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி ஆரம்பித்தேன். முதலில் போட்டோ, அப்புறம் பெண்ணின் பாடம், கடைசியில் மற்றதெல்லாம். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். முடியும்போது விடிகாலை ஐந்து. 612 படங்களில் 32 திறக்கவே இல்லை. மாமனாரும் மாமியாரும் மாலை மாற்றிக்கொள்கிற படம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பல் தேய்க்கப் போனேன்.

மூன்றாம் நாள் அந்த டிஸ்க் திறக்கவே இல்லை.

பிறகு எஸ்எஸ்டி என்று சுழலும் தட்டே இல்லாத டிஸ்க்கைப் போட்டோம். கூலியோடு 3,800 ரூபாய். அதே பழைய பெட்டி, இப்போது முதல் விசிலுக்கு முன்னால் தயாராகிவிடுகிறது.

இவற்றை மறக்காதீர்கள்

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்று திரையில் வந்தால் போன் செய்யாதீர்கள், அது ஏமாற்று. 'வேகத்தைக் கூட்டுகிறோம்' என்று வரும் இலவசச் சரக்கும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எங்களுடையதும் அந்த ரகம்தான். அதனால் அதை இன்டர்நெட்டில் சேர்க்காமல், படம் பார்க்கவும் வீட்டுக் கணக்கு எழுதவும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ரிப்பேருக்கு ஆள் வந்தால், "உள்ளே இருக்கிறதுக்குக் காப்பி எடுத்தாச்சா?" என்ற கேள்வியை முதலில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நகையை ஒரே பெட்டியில் பூட்டி வைப்போமா? எங்கள் படங்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கின்றன. தள்ளிப் போட்ட ஆல்பத்தையும் போட்டுவிட்டோம். அது என் மாமியாரின் தலைமாட்டில் இருக்கிறது.

ஆனாலும் அமாவாசை வந்தால், "பெரிசா தெரியும், அதுலயே போடேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால்தான் வந்து உட்காருகிறார்!