லேப்டாப் ‘தூங்கி’ எழுந்ததும் ஸ்கிரீன் கறுப்பா? பவர் பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மூடி வைத்த லேப்டாப். திரும்பி வந்து திறந்தால் ஃபேன் ஓடுகிறது, கீபோர்டு லைட் எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் கும்மிருட்டு. சேவ் பண்ணாத எக்செல் ஃபைல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் பலரும் பவர் பட்டனைத்தான் அழுத்திப் பிடிப்பார்கள். அவசரப்படாதீங்க!

வேலை எங்கே இருக்கிறது?

ஸ்லீப் மோடில் லேப்டாப் முழுசாக ஆஃப் ஆவதில்லை. திறந்து வைத்த ஃபைல்கள் ரேமில் அப்படியே இருக்கும். ரேமுக்கு மின்சாரம் போகும் வரைதான் அவை நிலைக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால், சேவ் பண்ணாத வேலை போச்சு. பல நேரங்களில் ஸ்கிரீனுக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர் சரியாக எழுந்திருக்காததுதான் சிக்கலே.

முதலில் ஒரு டெஸ்ட்

கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்கள். அதன் லைட் எரிந்து அணைந்தால், லேப்டாப் விழித்துத்தான் இருக்கிறது. பிறகு இவற்றை வரிசையாகச் செய்யலாம்.

1. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், கூடவே கீபோர்டில் ‘வி’-க்கும் ‘என்’-க்கும் நடுவில் உள்ள ‘பி’ - நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். திறந்திருக்கும் ஃபைல்கள் மூடாது.

2. மானிட்டர், புரொஜெக்டர் கேபிள் செருகியிருந்தால் கழற்றுங்கள். பிரைட்னஸ் கீயைக் கூட்டிப் பாருங்கள்.

3. லேப்டாப் மீது காந்தம் வைத்த மொபைல் கவர், வாட்ச் ஸ்ட்ராப் இருந்தால் நகர்த்துங்கள். மூடியிருப்பதை லேப்டாப் காந்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அது ஏமாந்துபோனால் ஸ்கிரீன் வராது.

4. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால், முதல் வேலையாக ஃபைலை சேவ் பண்ணிடுங்க.

எதுவுமே சரிவரவில்லை என்றால் மட்டும், பவர் பட்டனைச் சுமார் 10 விநாடிகள் அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யலாம். வேர்டு, எக்செல் இரண்டிலும் ஆட்டோரெகவரி வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை பிரதி எடுக்கும். அதனால் கொஞ்சமாவது மீளலாம்.

அடிக்கடி வந்தால்?

லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து புது கிராபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் போய், ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். இன்னொன்று: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் புதிதாகத் தொடங்காது. ரீஸ்டார்ட்தான் அதைச் செய்யும். முக்கியமான வேலை திறந்திருந்தால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் கொடுக்கலாம். ரேமில் இருப்பதை அது டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும்.

கடைக்குப் போகும் முன்...

இருட்டு ஸ்கிரீன் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட்டில் கோளாறு. மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகும் கேபிளைச் சந்தேகப்படலாம். ஆனால், ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியாகிறது, ஸ்லீப்புக்குப் பிறகு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஸ்கிரீன் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. “டிஸ்ப்ளே மாத்தணும்” என்று கடையில் சொன்னால், உடனே தலையாட்டாமல் டிரைவரைப் பார்த்தாச்சா என்று கேளுங்கள்!