கூட்டாக வளர்க்கலாம், படரும் ஆப்பிரிக்க வயலட்

கோடை விடுமுறையில் உதகை மலர்க் காட்சிக்குச் சென்று திரும்பும் சென்னைவாசிகளில் சிலர், கையோடு ஒரு சிறு தொட்டி ஆப்பிரிக்க வயலட்டையும் வாங்கி வருவதுண்டு. வெல்வெட் போன்ற இலைகளும், நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை நிறப் பூக்களுமாக அது கண்ணைக் கவரும். ஆனால் மயிலாப்பூருக்கோ தியாகராய நகருக்கோ வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே நடுக்குருத்து அழுகிச் செடி சாய்ந்து விடுகிறது. "இது மலைச்செடி, சென்னைக்கு ஒத்து வராது" என்று தொட்டியை ஓரங்கட்டி விடுகின்றனர்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் வளர்ந்த செடியை, ஆண்டிலேயே மிகக் கடுமையான மே மாதத்தில் சென்னைக்குக் கொண்டு வருவதுதான் இந்தத் தோல்விக்கு முதற்காரணம். தனி ஒருவரின் அனுபவமின்மை இரண்டாவது காரணம். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, காலமறிந்து தொடங்கினால் இவ்விரண்டையும் வெல்லலாம். அதற்கு ஏற்றது, இச்செடியின் படரும் வகையாகும்.

செடியின் வரலாறு

ஆப்பிரிக்க வயலட்டின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்றைய தான்சானியா நாட்டிலுள்ள உசம்பரா மலைப் பகுதி. அங்கு காட்டு நிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில் இது வளர்கிறது. 1892-ம் ஆண்டில் அப்பகுதியின் ஜெர்மானிய அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் என்பவர் இதைக் கண்டு ஜெர்மனியிலிருந்த தம் தந்தைக்கு அனுப்பினார். மறு ஆண்டில் ஹெர்மன் வெண்ட்லண்ட் என்ற தாவரவியலார் அக்குடும்பத்தின் பெயராலேயே இதற்கு செயின்ட்பாலியா எனப் பெயரிட்டார். 2015-ம் ஆண்டில் இவ்வினம் ஸ்டிரெப்டோகார்ப்பஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. வயலட் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையான வயலட்டுக்கும் இதற்கும் உறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளில் காணப்படும் ஹென்கெலியா செடிகளே இதன் உறவினங்கள்.

தாயகத்தில் காடுகள் அழிக்கப்படுவதால் இயற்கையில் இச்செடி அருகி வருகிறது. அதே வேளையில் உலகெங்கும் வீட்டுச் சன்னல்களில் ஆயிரக்கணக்கான ரகங்களாகப் பெருகியுள்ளது. இதற்குக் குழுக்களே பெரிதும் காரணம். 1946-ம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இச்செடிக்கென நடந்த காட்சியை அடுத்து அங்கு ஒரு சங்கமே தோன்றியது. ஓர் இலையைக் கொடுத்து ஓர் இலையை வாங்கும் பழக்கம்தான் ரகங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

படரும் வகையின் சிறப்பு

சாதாரண ஆப்பிரிக்க வயலட் ஒரே குருத்துடன் வட்டத் தட்டுப் போல வளரும். பக்கக் கன்றுகள் தோன்றினால் அகற்றிவிட வேண்டும். படரும் வகையில் இதற்கு நேர்மாறு. இதன் தண்டு நீளும். கணுக்களுக்கிடையே இடைவெளி இருக்கும். ஒவ்வோர் இலைக் கோணத்திலிருந்தும் கிளை தோன்றும். அக்கிளைகளைக் காத்துப் பரப்பினால் தொட்டி நிறைந்து விளிம்பைத் தாண்டித் தொங்கும். காட்சிக்கு வைக்கும் செடியில் குறைந்தது மூன்று குருத்துகளேனும் இருக்க வேண்டும் என்பது மேற்படி அமெரிக்கச் சங்கத்தின் விதி.

சென்னைக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. ஒற்றைக் குருத்துச் செடியில் குருத்து அழுகினால் செடியே போயிற்று. படரும் செடியில் ஒரு குருத்து போனாலும் மற்றவை நிற்கும். அடுக்குமாடி வீடுகளுக்குக் குறு ரகங்கள் பொருத்தமானவை. ஒரு சாண் அகலச் சன்னல் திட்டே இவற்றுக்குப் போதும்.

குழு அமைக்கும் முறை

ஒரே தெருவிலோ, ஒரே குடியிருப்பிலோ உள்ள பத்து முதல் பன்னிரண்டு பேர் சேரலாம். முதல் ஆண்டில் அனைவரும் ஒரே ரகத்தையே வளர்க்க வேண்டும். தொட்டி, மண் கலவை, உரம், தொடங்கும் நாள் யாவும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் வளர்ச்சியில் தோன்றும் வேறுபாடு வீட்டின் ஒளி, காற்று, நீர் ஆகியவற்றால் வந்தது என்பது விளங்கும். மயிலாப்பூரின் முற்றம் வைத்த பழைய வீடும், தியாகராய நகரில் எதிர்ச்சுவர் மறைக்கும் மாடி வீடும், மரநிழல் சூழ்ந்த அடையாறு வீடும் ஒரே செடியை எவ்வாறு வளர்க்கின்றன என்பதை மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இத்திட்டத்தின் பாடம்.

ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்வது அவசியம். தொட்டி இருக்கும் திசை, நீர் விட்ட நாள், உரமிட்ட நாள், குருத்துகளின் எண்ணிக்கை, செடியின் குறுக்களவு ஆகியவற்றை அதில் எழுதி வர வேண்டும். இறந்த செடியின் குறிப்பையும் கிழித்தெறியக் கூடாது. குழுவுக்கு மிகவும் பயன்படுவது அதுதான்.

கார்த்திகையில் தொடக்கம்

மே மாதத்தில் வாங்குவதைத் தவிர்த்து, மழை பெய்து காற்றுக் குளிர்ந்த நவம்பர் நடுவில் தொடங்குவது நல்லது. நன்கு வளர்ந்த ஒரு படரும் தாய்ச்செடியிலிருந்து முற்றாமலும் இளசாகவும் இல்லாத இலைகளைக் காம்புடன் எடுத்து, ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். காம்பை 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டுச் சாய்வாக நறுக்கி, ஈரமான கலவையில் ஊன்ற வேண்டும். துளையிட்ட பாலிதீன் பையால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று மாதங்களில் காம்படியில் கன்றுகள் தோன்றும். கன்றுக்கு மூன்று நான்கு இலைகள் வந்ததும், ஏறக்குறைய மாசி மாதத்தில், தனித்தனியே பிரித்து நடலாம்.

பூவிதழில் சக்கரம் போன்ற பட்டைக் கோடுகள் உள்ள ரகங்கள் இலையிலிருந்து தாயைப் போல வருவதில்லை. அவற்றைக் கிளைக் குருத்து மூலமே பெருக்க வேண்டும். முதல் ஆண்டில் இத்தகைய ரகங்களைத் தவிர்ப்பது நலம்.

மண் கலவையும் தொட்டியும்

செம்மண்ணும் தொழு உரமும் கலந்த வழக்கமான தொட்டி மண் இச்செடிக்கு மிகவும் கனமானது. நன்கு அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க் கழிவு, பெர்லைட், வெர்மிகுலைட் மூன்றையும் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். இதன் வேர்கள் மேலாகவே பரவுவதால் ஆழமான தொட்டி வேண்டியதில்லை. 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தட்டைத் தொட்டி ஏற்றது. கன்றுப் பருவத்திலும் குறு ரகங்களுக்கும் இதில் பாதி அகலம் போதும்.

கிழக்கு அல்லது வடக்குச் சன்னலின் வெளிச்சம் உகந்தது. நேர் வெயில் இலையைக் கருக்கி விடும். வெளிச்சம் குறைந்த வீடுகளில், செடிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் எல்இடி குழல் விளக்கைப் பொருத்தி நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரிய விடலாம். இலைக் காம்புகள் நீண்டு மேல்நோக்கி எழுந்தால் ஒளி போதவில்லை எனக் கொள்க. இலைகள் வெளிறி நடுவில் நெருங்கிச் சுருங்கினால் ஒளி மிகுந்துவிட்டது.

நீரும் உரமும்

மேல்மண் தொட்டுப் பார்க்கையில் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விட வேண்டும். குருத்தில் நீர் தேங்கக் கூடாது. குளிர்ந்த நீர் பட்டால் இலையில் வெள்ளைத் திட்டு விழும். ஆதலால் அறையின் சூட்டிலேயே உள்ள நீரைப் பயன்படுத்துக.

கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதுண்டு. தொட்டி விளிம்பில் வெண்மையாக உப்புப் படிவதும், அதில் படும் இலைக் காம்புகள் அழுகுவதும் இதன் அடையாளங்கள். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இங்கு கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில குடங்கள் பிடித்து மூடி வைத்தால் ஒரு சிறு தொட்டிக்குப் பல மாதங்கள் வரும். 19:19:19 நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்து 15 நாட்களுக்கு ஒருமுறை விட்டால் போதும். மாதம் ஒருமுறை உரமில்லாத நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, படிந்த உப்பை வடியச் செய்ய வேண்டும்.

கோடையைக் கடத்துதல்

இச்செடிக்கு உகந்த வெப்பம் 18 முதல் 26 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் 37, 38 டிகிரியை எட்டுவது வழக்கம். 2003-ம் ஆண்டு மே 31-ம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. எனவே இத்திட்டத்தின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது ஏப்ரல் முதல் ஜூலை நடு வரையுள்ள காலமே.

இக்காலத்தில் செடியை வளர்க்க முயல வேண்டாம். உயிரோடு காத்தால் போதும். உரத்தை நிறுத்த வேண்டும். மொட்டுகளைக் கிள்ளி விட வேண்டும். கிள்ளிக் கிளைவிடச் செய்யும் வேலையும் அப்போது கூடாது. செடி வாடித் தெரிந்தாலும் மண்ணைத் தொட்டுப் பாராமல் நீர் ஊற்றக் கூடாது. ஈர மண்ணும் வெப்பமும் சேர்ந்தால் பூசணம் வேரையும் குருத்தையும் அழுக்கிவிடும். வாடிய செடியைத் தாகமென்று எண்ணி மேலும் மேலும் நீர் விட்டுக் கொல்வதே பொதுவாக நடக்கிறது.

குழுவின் அருமை தெரிவதும் இப்போதுதான். மேல்மாடியில் வெயில் இறங்கும் வீடுகளில் உள்ள தொட்டிகளை, தரைத்தளத்தில் குளிர்ச்சியான அறையோ, இரவில் குளிர்சாதன வசதியோ உள்ள உறுப்பினர் வீட்டுக்கு அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பே மாற்றி விடலாம். அனைத்தையும் ஒரே வீட்டில் சேர்த்தல் ஆகாது. இரண்டு மூன்று வீடுகளில் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. பன்னிரண்டில் எட்டுச் செடிகள் போனாலும் எஞ்சிய நான்கிலிருந்து ஆடி மாதத்தில் அனைவருக்கும் மீண்டும் கன்று கொடுத்துவிட முடியும்.

கிள்ளுதலும் பரப்புதலும்

வெப்பம் தணிந்த ஆடியில், ஆறு முதல் எட்டு இலைகள் கொண்ட செடியின் நுனிக் குருத்தைக் கூரிய கத்தி முனையால் கிள்ளி எடுக்க வேண்டும். சில வாரங்களில் இலைக் கோணங்களிலிருந்து கிளைகள் புறப்படும். அவை விரல் நீளம் வந்ததும் தொட்டியின் வெற்றிடம் நோக்கி மெல்ல வளைத்து, கொண்டை ஊசியால் மண்ணோடு பொருத்தி விடலாம். வலிந்து வளைத்தால் தண்டு ஒடியும். பல நாட்களில் சிறிது சிறிதாக வளைப்பதே முறை. செப்டம்பரில் கிளை நுனிகளை மறுமுறை கிள்ளலாம். கிள்ளிய நுனிகளை எறியாமல் வேர்விடச் செய்தால் அவையே மாற்றுச் செடிகள்.

தொட்டியை வாரம் இருமுறை கால் சுற்று திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் சீராக நிரம்பும். அக்டோபர் முடியும் வரை மொட்டுகளை அகற்றி, பிறகு விட்டுவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில், மார்கழிப் பனியில், செடி பூத்து நிற்கும்.

பூச்சி எச்சரிக்கை

மாதக் கூட்டத்துக்குத் தொட்டிகளைக் கொண்டு வருவதால் மாவுப்பூச்சி, இலைப்பேன், சிலந்திப் பேன் ஆகியவை வீட்டுக்கு வீடு பரவ வாய்ப்புண்டு. பழுதுள்ள செடியைக் கூட்டத்துக்குக் கொண்டு வரலாகாது. குறிப்பேடு மட்டும் வரட்டும். கூட்டத்திலிருந்து திரும்பிய தொட்டியை ஒரு வாரமும், புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதமும் தனியே வைக்க வேண்டும். மாவுப்பூச்சியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதாயின் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பார்த்து, மாலையில் தெளிக்க வேண்டும். தெருப்புழுதி படியும் வீடுகளில் இலைகளை மென்மையான ஓவியத் தூரிகையால் துடைத்து வருவது நல்லது.

பழகுவதற்கு ஒரு செடி

முதல் ஆண்டிலேயே இதில் இறங்கத் தயங்குவோர் எபிசியாவில் தொடங்கலாம். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் விரும்புவதால் சென்னைக்கு நன்கு இசைகிறது. ஓடுதண்டுகள் விட்டுத் தொங்கும். கிள்ளுதல், பரப்புதல், கன்று பிரித்தல் அனைத்தையும் அதில் பழகிக் கொள்ளலாம்.

தோட்டக்கலையில் கூடிக் கற்பது சென்னைக்குப் புதிதன்று. இங்கு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-ம் ஆண்டில் தோன்றியது. இன்று கோவையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியேயாகும். நிலமில்லாத நகரவாசிக்கும் ஒரு சன்னல் உண்டு. பன்னிரண்டு சன்னல்கள் ஒன்று சேர்ந்தால் அது ஒரு தோட்டம். வருகிற கார்த்திகையில் ஆளுக்கு இரண்டு இலைகளுடன் தொடங்கலாம்.