இன்ஜின் ஓடுது, போட்டு நகரல!

ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அவுட்போர்டு இன்ஜின் அலறுகிறது. ஃபைபர் படகு நின்ற இடத்திலேயே ஆடுகிறது. இன்னொரு படகு கட்டி இழுத்துக் கரை சேர்த்ததும், "கியர் பாக்ஸ் போச்சு, மாத்தணும்" என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

பெரும்பாலான விசிறிகளின் (புரொப்பெல்லர்) நடுவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. விசிறி பாறையில் அடித்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். கியர் பல் உடையாமல் தப்பும். அந்த ரப்பர் பிடிவிட்டால் மெதுவாகப் போகும்வரை படகு நகரும். வேகம் கொடுத்ததும் வழுக்கும். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, உள் புஷ்ஷையும் விசிறிக் குடத்தையும் சேர்த்துக் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். வயரை மாட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் கோளாறு புஷ்ஷில்தான். கியர் பாக்ஸைப் பிரிக்கவே வேண்டாம். கோடு நேராக இருந்து, கியர் 'டக் டக்'கென்று நழுவினால் மட்டுமே சந்தேகம் உள்ளே போகட்டும்.

அடுத்து, கியர் ஆயில். கீழ்த் திருகைக் கழற்றிக் கொஞ்சம் வடித்தால் போதும். பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால் கடல்நீர் புகுந்திருக்கிறது. தண்டில் சுற்றிய தங்கூசி ஆயில் சீலை அறுத்திருக்கலாம். விசிறியைக் கழற்றினால் தெரிந்துவிடும். சீல் மாற்றச் சோம்பல்பட்டால் பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும். ஆயிலில் இரும்புத் துணுக்குகள் வந்தால் அந்த இன்ஜினோடு கடலுக்குப் போகாதீர்கள்.

வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக்கிடம் பிரிக்கக் கூடாது. அதையே காரணம் காட்டிக் கம்பெனி கைவிரிக்கும். மற்ற நேரங்களில், வேலைக்கு முன்பே செலவை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் பில்லும் அந்த உடைந்த கியரும்தான் சாட்சி.

"தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கேஸ் செல்லாது" என்று மிரட்டுவோர் உண்டு. தவறு. சொந்த உழைப்பில் பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழுதான பொருளுக்கும் அரைகுறை ரிப்பேருக்கும் கேள்வி கேட்கலாம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை; வக்கீலும் கட்டாயமில்லை.