ராட்டினம் யாருடைய ஞாபகம்?

மாசித் திருவிழா முடிந்த மறுநாள் திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் ஒரு சண்டை. வாய்ச்சண்டைதான். இப்போதெல்லாம் மோட்டார் வைத்த ஜெயன்ட் வீல் வந்துவிடுகிறது. அந்த நாலு பெட்டி மர ராட்டினத்தைக் காணோம், வந்தாலும் ஒரு ஓரத்தில் கிடக்கிறது, பிள்ளைகள் சீந்துவதில்லை. என் வயசுக்காரர்கள் எல்லோரும் இதில் ஒரே கட்சி. ‘அதுல இருந்த சொகம் இதுல வராதுப்பா’ என்றார் ஒருவர். மரம் கிரீச்சென்று கத்துவது, அடிவயிறு காலியாவது, உச்சியில் ஒரு நொடி நிற்கும்போது ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் கடலும் தெரிவது என்று ஆளாளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தோம். (நாலு பெட்டி ராட்டினத்தின் உச்சி பத்துப் பன்னிரண்டு அடிதான். அங்கிருந்து கடல் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.)

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிளாசைக் கீழே வைத்தார். இளவயதில் அவர் ராட்டினம் சுற்றப் போனவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ‘உக்காந்து சுத்துனவனுக்கு இன்னா தம்பி, சொகமாத்தான் இருக்கும். கீழ நின்னு இழுத்தவனைக் கேளு. நடுராத்திரிக்கு மேல வலது தோளு இருக்குதா இல்லியான்னே தெரியாது. மோட்டாரு வந்துச்சா, நல்லதுன்னு வுடு.’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சு தண்ணி லாரிக்குப் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை.

இந்த டீக்கடைச் சண்டையைப் பெரிய அளவில், வருஷக்கணக்காக நடத்திக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களின் ரசிகர்கள். அங்கே ஒரு சவாரியில் ஒரு பொம்மையை நகர்த்தினாலும் ஊர் இரண்டுபடுகிறது. சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்கு இது படவில்லை. ரசனை என்று நாம் சொல்வதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிற இடம் வேறு அதிகமில்லை.

ஒரு சவாரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் 1989-இல் திறந்த ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’. மரத்தைக் குடைந்தது போன்ற படகில் உட்கார்ந்து, பொம்மை மிருகங்கள் ஆடிப்பாடும் குகைகளுக்குள் மிதந்துபோய், கடைசியில் ஐம்பதடிக்கு மேல் தடாலென்று தண்ணீரில் விழ வேண்டும். அந்த மிருகங்கள் 1946-இல் டிஸ்னி எடுத்த ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்திலிருந்து வந்தவை. கறுப்பு மக்கள் உழைத்த தோட்டத்தை எல்லோரும் சந்தோஷமாகப் பாடித் திரிகிற இடமாகக் காட்டியதற்காக, வெளிவந்தபோதே கண்டனம் வாங்கிய படம். அமெரிக்காவில் அதை வீடியோவாகக்கூட டிஸ்னி விற்றதில்லை. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, சவாரியை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். மாற்றச் சொல்லியும் மனு, மாற்றாதே என்றும் மனு, இரண்டிலும் ஆயிரக்கணக்கில் கையெழுத்து. 2023-இல் அமெரிக்காவின் இரண்டு பூங்காக்களிலும் மூடி, 2024-இல் டியானா என்ற கறுப்பு இளவரசியின் பெயரில் திறந்தார்கள். அவள் 2009-இல் வந்த கார்ட்டூன் படத்து நாயகி, நியூ ஆர்லியன்ஸ்காரி.

கவனிக்க வேண்டியது, தண்ணீர்ப் பாதையைத் தொடவில்லை என்பது. அதே வளைவு, அதே இருட்டு, அதே வீழ்ச்சி. மாறியது பொம்மைகளும் பாட்டும். அடிவயிறு காலியாவதுதான் சுகம் என்றால் அது அப்படியே இருக்கிறது, யாரும் பறிக்கவில்லை. ஆனாலும் ‘எங்கள் பால்யத்தை அழித்துவிட்டீர்கள்’ என்று எழுதினார்கள். இவர்கள் எல்லோரையும் நிறவெறியர்கள் என்று ஒரே கோணிப்பையில் கட்டிப்போடுவது சுலபம். அது சரியாகவும் இராது. பெரும்பாலானவர்கள் அந்தப் படத்தையே பார்த்ததில்லை. அவர்களுக்கு அந்த முயல், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம். புதிய சவாரியில் வில்லன் இல்லை, ஆபத்தில்லை, அப்புறம் எதற்காக அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோம் என்று கேட்டவர்களும் உண்டு. நல்ல கேள்வி. கதையாடல் ஒன்று உடம்பை விழவைக்கிறது என்றால் விழுவதற்கு ஒரு காரணம் கதைக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் விமர்சகர்கள் பலர் நாவலைப் பற்றி இந்த அளவுக்குக்கூட யோசிப்பதில்லை.

ரசிகர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. இரும்பும் மோட்டாரும் கம்பெனியுடையது. ஆனால் சவாரி என்பது உட்கார்ந்தவனின் உடம்பில்தான் நிகழ்கிறது. வாசகன் இல்லாமல் பிரதி இல்லை என்று நாம் இருபது முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது போலத்தான். தெரியாத கடலைப் பத்தடி உயரத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கடலை ராட்டினக்காரர் எங்களுக்கு விற்கவில்லை, நாங்களே செய்துகொண்டது. அதில் எங்களுக்கு உரிமை உண்டு.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஞாபகம் உட்கார்ந்த பெட்டியிலிருந்து மட்டும் எடுத்த ஞாபகம். ஸ்பிளாஷ் மவுண்டன் முயலையே பாருங்கள். அந்தக் கதைகள் அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகளாயிருந்த கறுப்பு மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவை. பலம் இல்லாத முயல், பலம் உள்ள நரியையும் கரடியையும் புத்தியால் ஏமாற்றித் தப்புகிறது. சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த நம்மூர் முயலுக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர் 1880 வாக்கில் இவற்றைத் தொகுத்து, ரீமஸ் மாமா என்ற கறுப்புக் கிழவர் ஒரு வெள்ளைச் சிறுவனுக்குச் சொல்வதாக எழுதினார். டிஸ்னி அதைப் படமாக்கியது. 1989-இல் சவாரி செய்தபோது, வம்பு வேண்டாமென்று, ரீமஸ் மாமாவை எடுத்துவிட்டு மிருகங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2023-இல் மிருகங்களும் போயின. அடிமையின் கதை முதலில் சொன்னவனை இழந்தது, பிறகு கதையையே இழந்தது. ‘மாற்றாதே’ என்ற கூட்டமோ ‘மாற்று’ என்ற கூட்டமோ இதைப் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. ஒரு கூட்டத்துக்குப் பால்யம் வேண்டும், இன்னொன்றுக்குச் சுத்தம் வேண்டும்.

1955-இல் டிஸ்னிலாண்ட் திறந்தபோதே இருந்த ‘ஜங்கிள் குரூஸ்’ படகுச் சவாரியில் மனிதத் தலை விற்கும் காட்டுவாசி ஒருவன் பின்னால் சேர்க்கப்பட்டிருந்தான். 2021-இல் அவனை எடுக்கப்போவதாக அறிவித்தபோதும் ‘வெறும் தமாஷ்தானே’ என்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் திருவிழாப் பேய் வீட்டின் வெளிப்பலகை ஞாபகம் வந்தது. கரியைப் பூசியது போன்ற உடம்பு, கையில் எலும்பு, வெளியே துருத்திய சிவப்பு உதடு. அதைக் காட்டி ‘டேய், உன் மாமன்டா’ என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன், என்னைவிடக் கறுப்பாக இருந்தவனைக் காட்டி அதையே சொல்லியும் இருக்கிறேன். பேய் வீடு எனக்கு இன்றும் பிடிக்கும். அந்தப் பலகையை யாராவது கழற்றினால் என் பால்யம் போய்விட்டது என்று நான் அழப்போவதில்லை. உட்கார்ந்திருப்பவனுக்குத் தமாஷாக இருப்பது, வரையப்பட்டவனுக்கு என்னவாக இருக்கிறது என்பதை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன்.

நம்மூரில் இதற்கு ஒரு உச்சம் உண்டு, அது ராட்டினமே இல்லை. ஈஞ்சம்பாக்கம் விஜிபி தங்கக் கடற்கரையின் சிலை மனிதன். லண்டன் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். ராஜா காலத்துக் காவலாளி வேஷத்தில், மணிக்கணக்கில், அசையாமல், சிரிக்காமல் ஒருவர் நிற்பார். நாங்கள் இரண்டு பஸ் மாறி அங்கே போனதே அவரைச் சிரிக்கவைக்கத்தான். குரங்குச் சேட்டை செய்தோம், கெட்ட வார்த்தை சொன்னோம், என் சித்தப்பா பையன் மூக்குக்கு நேரே போய்த் தும்மினான். அவர் கண்கூட நகரவில்லை. தோற்றுப்போய்த் திரும்பிய அந்தத் தோல்விதான் எங்களுக்குச் சந்தோஷம். பல வருஷம் கழித்துப் போனவர்கள் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, ‘அதே ஆளா?’ என்பது. அதே ஆளாக இருக்க வேண்டும், அதே இடத்தில் நிற்க வேண்டும், வயசாகியிருக்கக் கூடாது. எதுவும் மாறக்கூடாது என்ற ரசிகனின் ஆசை கடைசியில் ஒரு கூலித் தொழிலாளியின் முதுகெலும்பில் போய் நிற்கிறது. 2020-இல் அவர் கொரோனாவில் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவரே சொல்ல நேர்ந்தது. அசையாமல் நிற்பதையே வேலையாகக் கொண்டவர், தான் சாகவில்லை என்று நிரூபிக்க வாய் திறக்க வேண்டியிருந்தது.

மாற்றத்தை நான் ஒரேயடியாக வரவேற்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றத்தின் முதல் சவாரியையும் அதே தொழிலாளிதான் செய்ய வேண்டியிருக்கிறது. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-இல் தாம்பரம் பக்கத்தில் தொடங்கிய கிஷ்கிந்தாவில், 2016 மே மாதம், ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் அது சரிந்து விழுந்தது. ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். ஆக, பழையதைக் கையால் சுற்றினவரும் புதியதில் முதலில் ஏறிப் பார்த்தவரும் ஒரே வர்க்கம். ரசிகர் கருத்து என்ற சொல்லாடலுக்குள் இவர்கள் இரண்டு பேருக்கும் இடமில்லை.

இன்னொன்று. விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், கிஷ்கிந்தா, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா எல்லாமே நகரத்துக்குத் தெற்கே. பெரிய பூங்கா எதுவும் வடக்கே வரவில்லை. இத்தனைக்கும் எண்ணூர் ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்த உல்லாச இடம். அந்தக் கழிமுகத்தில் இன்று சாம்பல். திருவொற்றியூர்க் கரையில் நாங்கள் விளையாடிய மணல் போய்க் கருங்கல் கொட்டியிருக்கிறது. ஒரு பொம்மை முயலை எடுப்பதற்கு முன் அமெரிக்க ரசிகன் கத்துகிற உரிமையோடு நாங்கள் அந்த மணலுக்காகக் கத்தவில்லை. அது நம்முடைய ரசனைக்குரிய பொருள் என்றே யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எங்களிடம் கருத்துக் கேட்பது மைக்கும் போலீசும் வைத்து நடக்கிற கூட்டத்தில்தான். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. அங்கே பேசினவர்கள் மூச்சைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசினார்கள். ‘இங்க நாங்க சந்தோஷமா இருந்தோம்’ என்பதை அந்த மாதிரிக் கூட்டத்தில் ஆட்சேபமாகப் பதிவு செய்ய முடியாது.

மாறமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துவிட்டு, சுந்தரர் மீறிக் கண்ணை இழந்த ஊர் இது. மாசியில் வருஷாவருஷம் அந்தச் சத்தியத்தைத்தான் கொண்டாடுகிறோம். ராட்டினம் வருவதும் அந்தச் சாக்கில்தான்.

டீக்கடையிலிருந்து கிளம்பி அந்தப் பக்கமாகப் போனேன். ஜெயன்ட் வீலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் கூட வந்தார். கம்பிகளுக்கு நடுவில் வடக்கத்திப் பையன் ஒருவன், இருபது வயசுகூட இருக்காது, தார்ப்பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். காதுக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர். பெரியவர் குனிந்து அவன் உள்ளங்கையைப் பார்த்தார். ‘லிவரு புடிச்சுப் புடிச்சு இங்க காச்சிருக்குது பாரு’ என்றார். ‘எனக்கு இங்க’ என்று தன் கையைத் திருப்பி விரல் அடியைக் காட்டினார். பையன் கண் விழித்து, ராட்டினம் ஓடாது, முடிந்துவிட்டது என்று சைகை செய்துவிட்டு மறுபடி புரண்டு படுத்தான்.