பட்டாளத்து வாசகங்கள்: அர்த்தம் தெரியுமா?

லத்தீன் போச்சு, சமஸ்கிருதம் வந்தது!

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய பேர் உண்டு. ஒவ்வொரு படைக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. "அதுக்கு என்ன தாத்தா அர்த்தம்?" என்று பேரன் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? இதோ விவரம்:-

மதுரைக்கு வந்த லத்தீன்

வெள்ளைக்காரர் படைகளுக்கு லத்தீன் மொழி மேல் தனி மோகம். 2-வது உலகப்போர் நடந்தபோது, 1942-ல், மதுரை விமான தளத்தை பிரிட்டிஷ் விமானப்படை உபயோகித்தது. அந்தப் படையின் வாசகம் "பெர் ஆர்துவா ஆத் அஸ்த்ரா". 'பாடுபட்டு நட்சத்திரங்களை எட்டுவோம்' என்பது கருத்து.

பிரிட்டிஷ் என்ஜினீயர் படையின் வாசகம் ஒரே சொல்தான்: "உபீக்வே". 'எங்கும்' என்று அர்த்தம். மன்னர் 4-ம் வில்லியம் 1832-ல் கொடுத்தது. போரிட்ட ஊர்களை எல்லாம் வரிசையாக எழுதினால் கொடியில் இடம் போதாது அல்லவா!

நம்ம "தம்பி"கள்

சுதந்திர இந்தியாவில் அதே 'எங்கும்', சமஸ்கிருதத்தில் "சர்வத்ர" ஆனது. ஆள் மாறவில்லை, மொழிதான் மாறியது!

பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கும் இதுவே வாசகம். 1780-ல் தொடங்கிய படை இது. இதன் ஜவான்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் "தம்பி". பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. மற்றவர்கள் நடக்க, முதலில் இவர்கள் போய் வழி செய்ய வேண்டும்.

ராஜாஜி சொன்னது

கடற்படையின் வாசகம் "சம் நோ வருணஹ". 'வருணன் நமக்கு நன்மை செய்யட்டும்' என்று பொருள். இதைச் சொல்லிக் கொடுத்தவர் ராஜாஜி.

விமானப்படைக்கு கீதையின் 11-வது அத்தியாயத்தில் இருந்து எடுத்தார்கள்: "நபஹ் ஸ்பிருசம் தீப்தம்". வானத்தைத் தொடும் ஒளி!

"அடி கொல்லு!"

நீலகிரி வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் வாசகமும் கீதையில் இருந்து வந்ததுதான்: "ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேயஹ". 'தன் கடமையைச் செய்து சாவதே மேல்' என்பது கருத்து.

ஆனால் சண்டையில் இறங்கும்போது போடும் கோஷத்துக்கு அகராதி வேண்டாம்: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" நம்ம ஊர் பையனுக்குக் கேட்டவுடன் புரியும்.

வாசகத்தின் விலை

இவை அழகுக்கு எழுதி வைத்த வார்த்தைகள் அல்ல. 2022 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரின் ரஜோரி பகுதியில் ராணுவ முகாம் தாக்கப்பட்டது. அதில் மதுரை மாவட்டச் சிப்பாய் ஒருவர் உயிர் நீத்தார். அன்று வெள்ளைக்காரர் விமானங்கள் இறங்கிய அதே மதுரையில்தான் அவர் உடலும் வந்து இறங்கியது.

அவர் ராஜபுதன ரைபிள்ஸ் படையைச் சேர்ந்தவர். அந்தப் படையின் வாசகம்: "வீர போக்ய வசுந்தரா".

'பூமி வீரர்களுக்கே உரியது' என்று அர்த்தம்.